இரண்டு முழமும் நாலு நாளும்

அண்ணா காலமாகி ஒரு வருஷம் நிறைகிறது. வருஷாப்திகத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை விசாலாட்சியின் நமஸ்காரம். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பவள் நீதானே, நீயே எழுது என்று மன்னி என்னிடம் விட்டுவிட்டார். "குணத்தை எழுது, கஷ்டத்தைக் கொஞ்சமா எழுது, சண்டையை எழுதாதே" என்பது மன்னியின் உத்தரவு. முதல் இரண்டையும் காப்பாற்றிவிடுவேன். மூன்றாவதற்கு உத்தரவாதம் இல்லை.

அண்ணா பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். அப்பா திருவனந்தபுரத்துக்குக் கோயில் மடைப்பள்ளி வேலைக்கு வந்தபோது அண்ணாவுக்கு நாலு வயது. கோட்டைக்குள் இரண்டு குடித்தனங்களுக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் எங்கள் குடும்பம் குடியேறியது. நான் பிறந்தது அங்கேதான். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த மூன்று பேர் தங்கவில்லை. எனக்கு ஐந்து வயதில் அம்மா போய்விட்டார். அண்ணாவுக்கு அப்போது பதினேழு. அன்று முதல் எனக்குத் தலை பின்னிவிட்டவர் அண்ணா. வகிடு நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று நான் கத்துவேன். "கத்தினா தலை ஆடறது, தலை ஆடினா வகிடு கோணறது" என்று நிதானமாகப் பதில் சொல்வார். அந்த நிதானத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது.

அந்த நூல் பிடிக்கிற புத்திதான் அவருக்குச் சோறு போட்டது. சர்வே பழகி, படம் வரையப் பழகி, டிராப்ட்ஸ்மேன் ஆனார். அவர் இழுத்த கோட்டை அழித்து மறுபடி போட்டதாக யாரும் சொன்னதில்லை. அப்பாவுக்குப் பின் குடும்பத்தைச் சுமந்தபோதும், மன்னியைக் கைப்பிடித்த பிறகும் மாறவில்லை. பூசணிப் பத்தைகள் ஒரே அளவில் இருந்தால்தான் ஒரே சமயத்தில் வேகும் என்று மன்னிக்கே பாடம் எடுப்பார். மன்னி அரிவாள்மணையை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். அப்புறம் அவரே உட்கார்ந்து நறுக்குவார்.

யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்பு, மலையிலிருந்து இறங்கி வரும் பெரிய ஆற்றைத் தடுத்து அணை கட்டத் தனியாக ஓர் ஆபீஸ் வைத்தார்கள். ஆற்றின் பேரை நான் எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்ட பெரிய மனிதர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அண்ணா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, அணை முடிந்தால் ஆக்குவதாகப் பெரிய எஞ்சினியர் வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணா அணைக்கு விரோதி என்று சிலர் பின்னால் பேசினார்கள். சுத்தப் பொய். அணை வந்தால் தெற்கே காய்ந்து கிடக்கும் நிலமெல்லாம் இரண்டு போகம் விளையும் என்று சாப்பிடும்போதுகூட அதைத்தான் பேசுவார். ஆனால் அதோடு இதையும் சொல்வார்: "ஆத்தை மறிக்கறது சின்னக் காரியம் இல்லை, கேட்டயா விசாலி. மேலே சில ஊர் முங்கும். கீழே கடலோரம் கிணறு உப்பாகும். அதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சு செய்யறது. தெரியாம ஒண்ணு இருக்கு. அணை உடைஞ்சா என்ன ஆகும்னு ஒருத்தரும் படம் வரைய மாட்டா."

அந்த அணை மண் அணை. மிஞ்சுகிற தண்ணீர் வழிந்து போகப் பக்கத்தில் கலிங்கு என்று ஒரு கல் வாய் விடுவார்கள். ஆற்றில் இதுவரை வந்த பெரிய வெள்ளம் எவ்வளவோ அதைக் கணக்குப் பண்ணித்தான் கலிங்கின் அகலத்தைத் தீர்மானிப்பார்கள். கலிங்கு போதாமல் போனால் தண்ணீர் அணை மேலேயே வழியும். மண் அணை மேல் தண்ணீர் வழிந்தால் ஒரு நாள் தாங்காது. இதை எனக்கு அண்ணா ரசத்தில் சாதத்தைக் கரைத்துக் காட்டி விளக்கினார்.

பழைய வெள்ளத்தின் அளவை எங்கிருந்து எடுப்பது? அணைக்கு மூன்று மைல் கீழே ஒரு கிராமம். தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடியானவர்கள் ஊர், வேதக்காரர்கள் என்போம். அங்கே படகு கட்டும் கடவில் ஒரு கல்தூண் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய வெள்ளம் வடிந்ததும் ஊரார் அதில் ஒரு கோடு வெட்டி வைப்பார்கள். அண்ணா போய் ஐந்து கோடுகளையும் அளந்தார். கடவில் கூடியிருந்தவர்களிடம் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, வெள்ளம் இதுவரை வந்ததா என்று கேட்டார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அந்த அளவை வைத்துப் படம் வரைந்தார், அந்தப் படத்தை வைத்துக் கலிங்கு கட்டினார்கள்.

இரண்டு வருஷம் வேலை நடந்தது. இரண்டு கரையிலிருந்தும் மண் மேடு வளர்ந்து வந்தது, நடுவில் ஆறு போக ஓர் இடைவெளி மட்டும் பாக்கி. வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை பிடிக்கும் முன்னால் அதையும் மூடி ஆற்றை மறித்துவிட நாள் குறித்தார்கள். பெரிய மனிதர்களுக்கெல்லாம் அழைப்பு போயிற்று. அதே சமயம் எனக்கும் ஒரு நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை, பெரிய எஞ்சினியருடைய மருமான், தங்கை பிள்ளை. எனக்கு இருபத்து நாலு வயது, அந்தத் தெருவின் கணக்கில் கிழவி. ஆற்றை மறிப்பது ஒரு வியாழக்கிழமை. என் முகூர்த்தம் அதற்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை.

இரண்டுக்கும் இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு புதன்கிழமை சாயங்காலம், அந்தக் கிராமத்துப் படகுக்காரர் தங்கையன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவியைப் பிரசவத்துக்குப் பெரிய ஆசுபத்திரியில் சேர்த்திருந்தார்கள். கடவில் அளவெடுத்த நாட்களில் அண்ணாவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவர் என்பதால் பழக்கம். ஒரு குலை வாழைக்காயை இறக்கி வைத்துவிட்டு வாசல் அறையில் உட்கார்ந்து, அணை எப்படி இருக்கிறது, வெள்ளம் வந்தால் என்ன செய்யும் என்று விசாரித்தார். பெருமையாகவே சொன்னார் அண்ணா, உங்கள் கல்தூண் கணக்குதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் என்று.

"அந்தக் கல்லுல உள்ள வெட்டப் பாத்தா சாமி கணக்கெடுத்தீங்க?" என்றார் தங்கையன்.

"ஆமாம். ஏன்?"

"அய்யய்யோ, அது பொய்யில்லா!" அவர் சிரித்தே விட்டார். "வெள்ளம் நின்ன எடத்துக்கு ரெண்டு மொழம் கீழதான் நாங்க வெட்டுவோம். உள்ளபடி வெட்டி வச்சா ஆறு பாத்துக்கிடும். அடுத்தாப்புல அதையும் தாண்டி ஏறும். பாட்டன் காலத்துலேருந்து அப்படித்தான்."

"நான் தொட்டுக் காட்டிக் கேட்டேனே. எல்லாரும் ஆமாம்னு தலையாட்டினேளே!"

"நீங்க கடவுல நின்னுல்லா கேட்டீங்க? ஆறு பக்கத்துல கெடக்கு. அங்க நின்னு எவன் சாமி ஆத்துக்க உசரத்தச் சொல்லுவான்? வீட்டுக்குள்ள கூப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே. இங்க சொல்லலாம். இங்கேருந்து அதுக்குக் கேக்காது."

ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவர்தான் தங்கையன். பாதிரியாருக்குப் பயப்படாதவர்கள்கூட அந்த ஊரில் ஆற்றுக்குப் பயப்படுவார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் ஆசுபத்திரிக்குப் போன பிறகு அண்ணா அந்த வாழைக்குலையைப் பார்த்தபடியே நின்றார். மன்னி இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் கணக்கைப் போட்டுவிட்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இரண்டு முழம் என்றால் மூன்று அடி. ஆற்றின் முழு அகலத்துக்கும் மூன்று அடி. கலிங்கு அதில் பாதியைக்கூட விழுங்காது. ஆற்றை மறித்த பிறகு பெருவெள்ளம் வந்தால் அணை கரையும். தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும். முதலில் போவது தங்கையன் ஊர்.

"இதைச் சொன்னா உங்க வேலை?" என்றார் மன்னி.

"போகும். அளவெடுத்தது நான்தானே."

"விசாலி கல்யாணம்?"

அண்ணா என்னைப் பார்த்தார், பேனாவைத் தேடி எடுத்தார். பெரிய எஞ்சினியர் அணைக்கட்டு முகாமில் இருந்தார். அவருக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில்தான் அஞ்சல் ஆபீஸ். "ரிஜிஸ்தர் பண்ணிடு. அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தாலே மறிக்கறதை நிறுத்திடுவார்" என்றார்.

இதற்கு மேல் எழுதுவதற்காகத்தான் மலர்க் கட்டுரையை ஒப்புக்கொண்டேன். நான் அந்தக் கடிதத்தை அஞ்சலில் சேர்க்கவில்லை.

அஞ்சல் ஆபீஸ் வாசல் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். கடிதம் என் பைக்குள் வாய்ப்பாட்டுப் புத்தகத்துக்கு நடுவில் இருந்தது. எனக்கு ஒரு கணக்கு இருந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின சனிக்கிழமை அஞ்சலில் சேர்த்தால், நடுவில் ஞாயிறு போக, செவ்வாய்க்கிழமை அவர் கைக்குப் போகும். அதற்குப் பிறகும் ஆற்றை மறிக்க இரண்டு நாள் இருக்கும். அதற்குள் தாலி ஏறியிருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதம் ஒரு நாள் தாமதமானால் என்ன, மழை ஒரு வாரம் முந்தினால் என்ன, அவர் நம்பாமல் தூக்கிப் போட்டால் என்ன என்றெல்லாம் என் கணக்கில் வரவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்துகிற லட்சணம்!

சாயங்காலம் அண்ணா கேட்டார். "சேர்த்தாச்சு" என்றேன். "ரசீது?" "பையில இருக்கு." எனக்கு நாக்குக் கூசவில்லை என்பதை எழுதத்தான் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை பதில் வராது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அஞ்சல்காரன் தெருவில் திரும்பும் நேரத்துக்கு வாசலில் நின்றார். சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பந்தல் இடம் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் மோவாயைத் தொட்டு, "எங்கண்ணா உங்கண்ணாவைப் பத்தி எவ்வளவு நல்லபடியா சொல்றார் தெரியுமோ" என்றார். அண்ணா அவருக்கு விசிறிக்கொண்டே அஞ்சல்காரனை எதிர்பார்த்திருந்தார். அவர்கள் கிளம்பும்போது கிழக்கே போனக்காட்டு மலைப் பக்கம் கறுத்து இடித்தது. எல்லாரும் நல்ல சகுனம் என்றார்கள். அண்ணா மட்டும் விரல் விட்டு நாள் எண்ணினார். அவர் உள்ளே வந்து, "ஏன் விசாலி, அவர் கைக்குப் போயிருக்கும்தானே?" என்று கேட்டார். "போயிருக்கும்" என்றேன். அன்று அவர் சாப்பிட உட்கார்ந்து, இலையைத் தொடாமலே எழுந்தார். மன்னி என்னைத்தான் முறைத்தார். மன்னிக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ என்று என் பையை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கையன் மறுபடி வந்தார், மனைவியோடும் குழந்தையோடும். ஆசுபத்திரியில் விட்டுவிட்டார்கள், பஸ்ஸுக்குப் போகிற வழியில் சொல்லிக்கொள்ள வந்தார்கள். பெண் குழந்தை. மன்னி ஒரு பழைய புடவையைக் கிழித்து மடித்துக் கொடுத்தார். "ஊருக்குப் போயி ஒரு மாசம் வெளிய எறங்க மாட்டா. கடவுலேருந்து நாலு எட்டுதான் வீடு, ஆத்துக் காத்து நல்லா வரும்" என்றார் தங்கையன். அந்தப் பெண் என்னிடம், "கலியாணத்துக்கு வர முடியாது அக்கா, கோவிக்காதீங்க" என்றாள். குழந்தை தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டியது. நான் உள்ளே போய்ப் பையைத் திறந்தேன்.

அவர்கள் தெருக்கோடியைத் தாண்டியதும் கடிதத்தை அண்ணா கையில் வைத்தேன். ஒட்டின உறை ஒட்டினபடி இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. "நாலு நாள் போச்சே, விசாலி" என்றார், அவ்வளவுதான். எனக்கு வந்த அழுகையை மன்னி கேட்டு ஓடிவந்தார். அண்ணா, "ஒண்ணுமில்லை, கல்யாணப் பொண்ணு அழறது" என்று மன்னியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இனி கடிதம் போதாது, சாட்சி வேண்டும் என்றார். மறுநாள் திங்கட்கிழமை, முகூர்த்தத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு முதல் பஸ்ஸில் ஏறினேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தெருவில் ஒரு கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற ரசமட்டம் இரவல் வாங்கிக்கொண்டார்.

தங்கையன் வீட்டில் நெல் கொட்டும் பத்தாயம் ஒன்று சுவரோடு சுவராக இருந்தது. பாட்டன் காலத்தில் வைத்தது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வெள்ளையடிக்கும்போதும் அதை நகர்த்துவதில்லை, சுற்றியடித்து விட்டுவிடுவார்கள். "இதுக்குப் பின்னால பாருங்க சாமி" என்றார் தங்கையன். ஆறு பேர் சேர்ந்து நெம்பினார்கள். பின்சுவரில், கடைசியாக வந்த பெருவெள்ளத்தின் சேற்றுக்கோடு கயிறு கட்டியதுபோல நேராக ஓடியது. ஒரு பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்து, அந்தக் கோட்டின் உயரத்தைப் படிப்படியாகக் கடவுத் தூண் வரை கொண்டுபோனோம். பலகையின் ஒரு முனை என் கையில். தூணருகே வந்ததும் தங்கையனுடைய தாயார் ஓடிவந்து, "தொகையை வாய்விட்டுச் சொல்லப்பிடாது!" என்று அண்ணாவின் வாயைக் கிட்டத்தட்டப் பொத்தினார். அண்ணா விரலால் காட்டினார், நான் எழுதினேன். வெட்டின கோட்டுக்கு மேலே மூன்று அடி, அதற்கும் கொஞ்சம் கூடுதல்.

வீட்டுக்குள் போய்ப் படம் போட்டார். கீழே சாட்சிக் கையெழுத்து வேண்டும். தங்கையன் பெருவிரலை வைத்தார். எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த நேரத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். "போடறதுன்னா யோசிச்சுப் போடு" என்றார் அண்ணா. நான் முழுப் பேரையும் எழுதினேன். விசாலாட்சியில் ஒரு எழுத்து கோணிவிட்டது. அதையும் அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

முகாம் அங்கிருந்து மூன்று மைல். வெயிலில் நடந்தோம். இரண்டு பக்கமும் மண் மேடு, நடுவே ஆறு போகிற வாய், அதை மூடக் குவித்து வைத்திருந்த கல், பந்தலுக்கு நட்ட மூங்கில், எல்லாம் தயாராக இருந்தன. பெரிய எஞ்சினியர் கூடாரத்துக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து?"

"என்னுது" என்றேன்.

"எங்காத்துக்கு வரப்போற பொண்ணு நீ. என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் போட்டயா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அவர் அண்ணா பக்கம் திரும்பினார். "படகுக்காரன் உம்மகிட்ட எப்போ சொன்னான்?"

"புதன்கிழமை, சார்."

"இன்னிக்குத் திங்கள். ஆயிரம் பேர் தலைக்கு மேலே தண்ணியைக் கட்டப் போறோம்னு தெரிஞ்சும் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, நாலு நாள் என்ன பண்ணிண்டிருந்தீர்?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தது சத்தியம். அதற்குள் அண்ணா சொல்லிவிட்டார்: "பயந்துண்டிருந்தேன், சார். வேலை போயிடுமேன்னு."

நான் வாயை மூடிக்கொண்டேன். அதுவும் சத்தியம். அந்த ஒரு நிமிஷத்தில் நான் 'இல்லை, சார்' என்று சொல்லியிருக்கலாம். திரும்பி நடந்த வழியெல்லாம் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அண்ணாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "கல்யாணப் பொண்ணு லெட்டரை ஒளிச்சு வெச்சான்னு ஒரு தடவை வெளியே போனா, ஊர் உன்னை விடாது. எனக்கு எப்படியும் வேலை போறது. அதோட இது ஒண்ணு" என்றார்.

பெரிய எஞ்சினியரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மறுநாள் அவரே கிராமத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். ஆற்றை மறிப்பதை நிறுத்தி, கலிங்கைப் பெரிசாக்கி அடுத்த கோடையில் பார்க்கலாம் என்று எழுதினார். அதே காகிதத்தில், டிராப்ட்ஸ்மேன் விஷயம் தெரிந்தும் பயத்தால் நாலு நாள் மறைத்தார் என்றும் எழுதினார். தப்பாக அளந்ததற்கு மன்னிப்பு உண்டு, மறைத்ததற்கு இல்லை என்று அண்ணாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஆளை அனுப்பிச் சம்பந்தம் வேண்டாம் என்றார்கள்.

இடவப்பாதி அந்த வருஷம் பார்த்துத் தாமதமாயிற்று. பத்து நாள் வானம் சுத்தமாகத் துடைத்து வைத்ததுபோல இருந்தது. தெருவில், "உங்கண்ணா ஆத்தை நிறுத்த வேண்டாம்னான், மழையே நின்னுடுத்து" என்று சிரித்தார்கள். அண்ணா அதைக் காதில் வாங்கவில்லை. தினம் பஸ் ஏறிக் கிராமத்துக்குப் போனார். தங்கையனோடு வீடு வீடாக நுழைந்து, உள்ளே உட்கார்ந்து, மண் மேடுகள் நடுவே ஆறு எப்படி ஓடும் என்று சொல்லி, மழை பிடித்தால் மேட்டிலிருக்கும் கோயிலுக்கு ஏறிவிட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கினார். வேலையும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஆனாலும் போனார்.

அப்புறம் பிடித்தது பாருங்கள் மழை! மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். நான் கோயில் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். ஊர் முழுக்க மேலே நின்றது, மாடு கன்றோடு. கீழே ஆறு கரையை விட்டுவிட்டு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. கடவுத் தூண் கண்ணில் படவே இல்லை. தங்கையன் வீட்டுக் கூரை முதலில் சாய்ந்தது, பிறகு மடங்கி உட்கார்ந்தது. மண் மேடுகளின் இரண்டு நுனியையும் ஆறு கடித்துத் தின்றபடி நடு வாய் வழியாகப் பாய்ந்ததாக முகாமிலிருந்து ஓடிவந்தவர்கள் சொன்னார்கள். அந்த வாயை மூடியிருந்தால் மேலே ஒரு கடல் நின்றிருக்கும். இந்தக் கோயில் மேடும் போதாது. தங்கையன் மனைவி பக்கத்தில் நின்று குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய எஞ்சினியர் சொட்டச் சொட்ட நனைந்து அங்கே வந்தார். அண்ணாவைப் பார்த்து, "எல்லாரும் மேலே வந்தாச்சா?" என்றார். "வந்தாச்சு, சார்" என்றார் அண்ணா. ஒருத்தர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் போன காகிதம் போனதுதான், அதை யாரும் திருப்பி எழுதவில்லை. அப்புறம் யுத்தம் வந்தது, சாமான் கிடைக்கவில்லை, அணை பாதியில் நிற்கிறது. கட்டட்டும், நன்றாகக் கட்டட்டும்.

பிறகு அண்ணா ஆரியசாலைக் கடைத்தெருவில் நம் தமிழ் வியாபாரிகளுக்குக் கடைக்கும் கிடங்குக்கும் படம் வரைந்து கொடுத்துக் காலம் தள்ளினார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது என் பாடு, அதற்கு யாரும் அண்ணாவைக் காரணம் சொல்ல வேண்டாம். நம் உறவினர்கள் அவருக்கு ஒரு பேர் வைத்தீர்கள். ஒரு பூணூல் கல்யாணப் பந்தியில் அவர் உட்கார வந்தபோது, "வாரும், நாலு நாள் வந்தாச்சு, இலையைப் போடு" என்று ஒருவர் கூப்பிட்டார். சுற்றிலும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அன்று முதல் விசேஷத்துக்கு விசேஷம் அவருக்கு அதுதான் பேர். ஒன்பது வருஷம் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தார். நான் பக்கத்துப் பந்தியில் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். இரண்டு மாதம். கடைசி வாரத்தில் ஒரு காலை கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன்: "இப்பவாவது நான் எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா, அண்ணா?"

"எதை?"

"லெட்டரை."

"அதை யார் ஞாபகம் வெச்சிண்டிருக்கா?" என்றார். நீங்களெல்லாம் மறந்துவிட்டதாக அவர் நிஜமாகவே நினைத்தாரோ, எனக்காகச் சொன்னாரோ, தெரியாது. "நீங்க வேண்டாம்னாலும் ஒரு நாள் சொல்லத்தான் போறேன்" என்றேன். "உன்னை யாரால தடுக்க முடிஞ்சது?" என்று கஞ்சியைக் குடித்தார். மூன்றாம் நாள் காலையில் மன்னி மடியில் போய்விட்டார்.

பீஸ் வாங்காமல் இரண்டு மாதமும் வந்து பார்த்த டாக்டருக்கும், ஆரியசாலைக் கடைக்காரர்களுக்கும், அவர் போன அன்று மழையிலும் தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கையனும் அவர் ஊராரும் பஸ் பிடித்து வந்து, வாசலில் தள்ளி நின்று அழுதுவிட்டு, பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத் தனியாகப் போக வேண்டும், போவேன். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, ஒன்பது வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காத மன்னிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன். "சண்டையை எழுதாதேன்னேனே" என்றார். எதையும் அடிக்கச் சொல்லவில்லை.

உறவினர்களே, அண்ணா ஒரு நாள்கூடப் பயந்து உட்கார்ந்திருக்கவில்லை. புதன்கிழமை தெரிந்தது, வியாழக்கிழமை காலையில் எழுதிக் கொடுத்துவிட்டார். இனி பந்தியில் அந்தப் பேரைச் சொல்லி யாரையாவது கூப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், என்னைக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.